முதற்பருவத்தில் மட்டும்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு அட்டவணையார் என்று பெயர். எந்த வண்டியை எந்த ஓட்டுநர் எத்தனை மணிக்கு எடுப்பது, எங்கே இறங்குவது, அவர் எழுந்த இருக்கையில் அடுத்து யார் உட்காருவது என்று நூற்றிப் பத்துப் பேருக்கு மாதாமாதம் பணிப்பட்டியல் போடுவது அவர் வேலை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவர். அந்தக் கோட்டை மட்டும் கையில் இருந்திருந்தால் தான் இந்நேரம் பெரிய ஆளாகியிருக்கலாம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சிரிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை. தன் நகைச்சுவைக்குத் தானே முதல் ரசிகர்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியின் ஆவண அறையில் எழுத்தர். அங்கே அவளுக்கு ரெக்கார்டம்மா என்று பெயர். முப்பது வருஷத்து நோயாளிக் கோப்புகள், கரையானுக்குத் தடவிய மண்ணெண்ணெய் வாசனையோடு இரும்பு அலமாரிகளில் அடுக்கி இருக்கும். எந்த ஆண்டில் யாருக்கு எந்தக் கை ஒடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். எல்லாம் கணினிக்குப் போகப்போகிறது என்றபோது, அந்தக் கணினியின் பக்கத்தில் நிற்கும் ஆளாக இருக்காமல், அதன் எதிரில் உட்காரும் ஆளாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நாற்பத்தோராவது வயதில் மாலைக் கல்லூரியில் தகவல் அறிவியல் இளநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்தாள்.

சேர்ந்த அன்று ஒரு தடித்த பாட விவரப் புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தெட்டுப் பாடங்கள். இதை முடித்தால்தான் அதை எடுக்கலாம், அதையும் இதையும் சேர்த்து எடுக்கக் கூடாது, இது ஒற்றைப் பருவத்தில் மட்டும், அது மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு மட்டும். எதை எப்போது எடுப்பது என்று திட்டம் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். பாடம் படிக்கத் தைரியம் இருக்கிறது, இந்தத் திட்டத்துக்குத்தான் பயமாக இருக்கிறது என்றாள்.

அட்டவணையார் புத்தகத்தைப் புரட்டினார். நாலு பக்கம் புரட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு இது பாடத்திட்டமாகத் தெரியவில்லை, பணிப்பட்டியலாகத் தெரிந்தது. முந்தைய வண்டி வந்து சேராமல் அடுத்த வண்டி கிளம்பாது. அவ்வளவுதானே? மறுநாளே ஒரு பலகையை அறுத்து, வரிசை வரிசையாக ஆணி அடித்து, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அட்டைத் துண்டு. கட்டாயப் பாடம் மஞ்சள், விருப்பப் பாடம் பச்சை, முன்பாடம் கேட்கும் பாடம் சிவப்பு. ஐந்தாண்டுப் படிப்பையும் ஒரே மாலையில் தொங்கவிட்டுவிட்டார்.

அவள் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி. நீங்க சொல்ற பஸ்ல ஏறுறேன், நீங்க சொல்ற எடத்துல எறங்குறேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன்” என்றாள்.

அப்படியே செய்தாள். நாலு வருஷமும் அவர் தொங்கவிட்ட அட்டையைத்தான் பதிவுப் படிவத்தில் எழுதினாள். படிவத்தை இரண்டாவது முறை பார்க்கக்கூட மாட்டாள்.

இதனால் வீட்டில் என்ன நடந்தது என்றால், இருவரும் சந்திப்பது குறைந்துபோனது. அவர் விடிகாலை நாலு மணிக்குப் பணிமனையில் இருப்பார், மூன்று மணிக்குத் திரும்புவார். அவள் நாலரைக்கு வருவாள், அவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஐந்து இருபதுக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். ஒரு நாளில் ஐம்பது நிமிஷம். அதிலும் பாதி வாயில் சோறு. ஆனால் அந்த ஐம்பது நிமிஷமும் பேச்சு முழுக்க அந்தப் பலகைதான். புள்ளியியல் வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறார், அவர் கண்ணின் நிறம் என்ன என்று வகுப்பில் பந்தயம் நடக்கிறது என்பாள். பச்சை அட்டையில் ஒன்றை மாற்றலாமா என்பார் இவர். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை. ஒரே மகள் கல்யாணம் கட்டிக் கடல் தாண்டிப் போன பிறகு வீட்டில் விழுந்திருந்த ஓட்டையை அந்தப் பலகைதான் மறைத்துக்கொண்டு நின்றது.

கடைசி ஆண்டுக்கு முந்தின விடுமுறையில், உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே அவள் செய்தியைச் சொன்னாள். வேறு ஊரில் புதிதாகக் கட்டும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆவணப் பிரிவுக்கு அதிகாரி வேண்டுமாம். இவளைக் கேட்டிருக்கிறார்கள். பட்டம் மட்டும் கையில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு நடுவில் முடிப்பேன் என்று சொன்னதற்கு, அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்கு மேல் ஒருநாள்கூட முடியாது என்றார்களாம். தங்குவதற்கு அறையும் தருவார்கள். அவருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. நடுவில் விட்டால் ஓய்வூதியம் போய்விடும்.

“நாலு வருஷந்தானேங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் வந்துடுவேன்.”

“தாராளமா வா. டிக்கெட் மட்டும் கேட்டு வாங்கு. அட்டவணையார் பொண்டாட்டி ஓசியில வந்தான்னு பேர் வந்துடும்” என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். மறுநாள் பணிமனையில், வேலை நேரத்தில், அவர் அந்த ஊர் வண்டிகளின் நேரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். சனிக்கிழமை வேலை முடிந்து ஏறினால் இங்கே வந்துசேர நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஞாயிறு நண்பகல் வண்டியில் திரும்பியாக வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பதினோரு மணி நேரம். அதில் ஏழு மணி நேரம் தூக்கம். நூற்றிப் பத்துப் பேருக்கு இணைப்பு வண்டி பிடித்துக் கொடுத்தவருக்கு இந்த ஒரு இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் நாலு மணி நேரம்தான் மிஞ்சியது.

மழைக்காலம் தொடங்கியது. வகுப்புகள் திறக்க இன்னும் சில வாரம் இருந்ததால் மாலைகளில் அவள் வீட்டில் இருந்தாள். துணிகள் காயாமல் நாற்காலி முதுகுகளில் கிடந்தன. ஜன்னல் கண்ணாடி வேர்த்திருந்தது. இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பாத்திரம் அவள் தேய்க்க, அவர் துடைத்து அடுக்கினார். சும்மா உட்கார்ந்து மழையைத் திட்டினார்கள். இது எவ்வளவு நல்ல பொழுது என்று வாய்விட்டுச் சொன்னால் அசடு வழியும் என்று அவர் சொல்லவில்லை.

அந்த ஆண்டின் பாட விவரப் புத்தகம் நாலாம் தேதி தபாலில் வந்தது. அவள் கடைக்குப் போயிருந்தாள். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. இவர் வழக்கம்போல் பென்சிலோடு உட்கார்ந்து, புத்தகத்தைப் பலகையோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். மிச்சம் இருந்தவை நாலே அட்டைகள். வரும் பருவத்துக்கு வகைப்பாட்டியல், பயனர் ஆய்வு. அதற்கு அடுத்த பருவத்துக்குத் தரவுத்தள வடிவமைப்பு, இறுதித் திட்டப்பணி. நாற்பத்தேழாம் பக்கத்தில், தரவுத்தள வடிவமைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: இவ்வாண்டிலிருந்து இப்பாடம் முதற்பருவத்தில் மட்டும் நடத்தப்படும்.

பலகையில் அது இரண்டாம் பருவத்தில் தொங்கியது.

பெரிய விஷயமே இல்லை. அந்தச் சிவப்பு அட்டையை எடுத்து இங்கே போட்டு, வகைப்பாட்டியலை எடுத்து அங்கே போட்டால் ஆயிற்று. பதிவுக்குப் பதினைந்தாம் தேதி வரை நேரம் இருக்கிறது. போடாவிட்டால்தான் விஷயம். போடாவிட்டால் அந்தப் பாடத்துக்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். வேறு ஊர் ஆஸ்பத்திரி காத்திருக்காது.

முட்டை வெடித்துப் பாத்திரத்தில் நுரை தள்ளியது. அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். புத்தகத்தை மூடி, பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் வைத்தார். அவள் வந்ததும், முட்டை ஏன் வெடித்திருக்கிறது என்று கேட்டாள். “அதுக்கும் வயசாயிடுச்சு” என்றார்.

தான் பொய் சொல்லவில்லை என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். சொல்லப்போகிறோம், கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். பணிமனையில் பத்து நிமிஷத் தாமதத்தை யாரும் எழுதுவதில்லை. ஐந்தாம் தேதி சொல்லலாம் என்றிருந்தார். அன்று அவள் பழைய பாட்டொன்றை முனகிக்கொண்டு துணி மடித்தாள். ஆறாம் தேதி அவளுக்குத் தலைவலி. ஏழாம் தேதி தலைவலி இவருக்கு. எட்டாம் தேதி அவளே படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “பலகையில ஏதாவது மாறுதா?”

“மாறல” என்றார்.

இரண்டே அசை. நாக்கு கூசாமல் புரண்டது. அவள் வகைப்பாட்டியல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டாவது முறை பார்க்காமல் படிவத்தைக் கைப்பையில் வைத்தாள்.

அன்றைக்குப் பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் அவள் எதைச் சொன்னாலும் இவருக்கு ஒரு நொடி தாமதமாகவே காதில் விழுந்தது. நகைச்சுவை சொல்லத் தொடங்கினால் முடிவு மறந்துபோனது. பணிமனையில் மாதப் பட்டியல் போடும்போதும் மனசு அதில் இல்லை.

பன்னிரண்டாம் தேதி அது பலித்தது. மழை வெளுத்து வாங்கிய காலை. நகரத்தின் கடைசி நிறுத்தத்தில் ஒரு ஓட்டுநரை இறக்கிவிட்டு, அவரை ஏற்றிக்கொள்ள அடுத்த வண்டி வரும் என்று அட்டவணையார் எழுதியிருந்தார். அந்த வண்டியைப் போன மாதமே நிறுத்தியாயிற்று. நிறுத்தியவரும் அவரேதான். அங்கே கூரைகூடக் கிடையாது. அந்த ஓட்டுநர், மீசைக்காரர் என்று பெயர், இருபது வருஷப் பழக்கம், முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கத்தப்போகிறார் என்று அலுவலகமே எதிர்பார்த்தது. அட்டவணையாரும் திட்டு வாங்கத் தோதாக எழுந்து நின்றார்.

“அரை மணி ஆனப்பவே கிளம்பியிருக்க வேண்டியதுதானேய்யா?” என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

மீசைக்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “எப்படிக் கிளம்புறது? நீங்க எழுதியிருந்தீங்க. வரும்னு நின்னேன்.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் துணி மாற்றப் போய்விட்டார். அட்டவணையார் நின்றபடியே இருந்தார். திட்டு விழாததால் எப்போது உட்காருவது என்று தெரியவில்லை.

அன்று மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவளுக்கு வார விடுமுறை; மேசையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். தரவுத்தள வடிவமைப்பு முதற்பருவத்தில் மட்டும்தானாம், அட்டையை மாற்ற வேண்டும், இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இதுவரை எல்லாம் சரி. இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

“இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு” என்றார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நல்லவேளை, நல்லவேளை என்று இரண்டு முறை சொன்னாள். “கடைசி நேரத்துல பிடிச்சுட்டீங்களே. நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னங்க பண்ணுவேன்” என்று, ஈரமான அவர் தோளைத் துண்டால் துடைத்தாள். அந்தத் துண்டு முள்ளாகக் குத்தியது. பாட எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டுமே என்று புத்தகத்தைத் தேடினாள். செய்தித்தாள்களுக்கு அடியிலிருந்து எடுத்தாள். நாற்பத்தேழாம் பக்கம்.

இங்கே பணிமனை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பணிப்பட்டியலில் ஒரு பிழை கண்ணில் பட்டால், கண்டவர் அதை வட்டமிட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துச் சுழி போட வேண்டும். போடாமல் விட்டால் நாளைக்கு ஓட்டுநர்கள் சட்டையைப் பிடிப்பார்கள். இருபத்தாறு வருஷமாக அதைச் செய்த கை, நாலாம் தேதி மாலை, முட்டை வெந்துகொண்டிருந்தபோது, எஜமானைக் கேட்காமலே அந்த வரியை வட்டமிட்டு வைத்திருந்தது. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது.

பழைய கோப்புகளின் ஓரத்தில் டாக்டர்கள் கிறுக்கியதை வாசித்தே காலம் தள்ளியவள் அவள். ஓரத்தில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் விடமாட்டாள்.

“இது உங்க சுழிதானே?”

“ஆமா.”

“நாலாம் தேதி, அஞ்சு நாப்பதுன்னு போட்டிருக்கு.”

“அது... கை போட்டது.”

“கை போட்டுச்சு. வாய் எங்க போயிருந்துச்சு?”

அதற்கு நல்ல பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் வாழ்க்கையில் முதல் முறையாக விழுங்கினார். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஈரத் துணி வாசனை அறையெல்லாம் நிரம்பியிருந்தது. அவள் எட்டாம் தேதி தான் கேட்டதையும் அவர் சொன்னதையும் அப்படியே சொன்னாள், குரலை உயர்த்தாமல், ஒரு கோப்பிலிருந்து படித்துக் காட்டுகிற மாதிரி. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இந்த எட்டு நாளும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

அவர் யோசித்துத்தான் சொன்னார். “தனியா இருந்து பாத்தேன்.”

“நான் இங்கதானே இருந்தேன்.”

“இருந்தே. உன்கிட்ட ஒண்ண மறைச்சு வச்சா நீ இருந்தும் இல்லாத மாதிரிதான் இருக்கு. நீ ஊருக்குப் போனா எப்படி இருக்கும்னு பயந்தேன். அத நானே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, படிவத்தையும் குடையையும் எடுத்தாள். நானும் வரட்டுமா என்று கேட்டார். “வாங்க. பேசாம வாங்க” என்றாள்.

கல்லூரிக்கு நாற்பது நிமிஷப் பயணம். அவர் அவளுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, அவள் பின்னலில் இருந்த நரையைப் பார்த்துக்கொண்டே போனார். நடத்துநர் அவரைத் தெரிந்தவர். அட்டவணையாரே, என்ன மௌன விரதமா என்றார். அதற்கும் பேசவில்லை.

பதிவு அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். முதற்பருவத்தில் மட்டும் என்றதும் எல்லோரும் முண்டியடித்திருக்கிறார்கள். பத்தாம் தேதியே வகுப்பு நிறைந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். மூன்றாவது இடம். வகுப்பு தொடங்கி மூன்று வாரத்துக்குள் மூன்று பேர் விலகினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பத்தாம் தேதி. நாலாம் தேதி சொல்லியிருந்தால் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலை. பணிமனையில் மாற்று ஆட்கள் என்று சிலர் உண்டு. சீருடை போட்டுக்கொண்டு, யாருக்காவது காய்ச்சல் வந்தால் தேவலையே என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பட்டியலையும் இவர்தான் போடுவார். ஒருநாளும் அந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்ததில்லை.

மூன்று வாரமும் அவள் தினம் வகுப்புக்குப் போனாள். இடம் இல்லாததால் கதவோரம் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு குறிப்பெடுத்தாள். சாரல் அடித்தால் நோட்டு நனையும். முதல் வாரத்தில் ஒருவர் விலகினார். இரண்டாம் வாரத்தில் இன்னொருவர். அட்டவணையார் தினமும் முழித்திருந்து அவள் முகத்தைப் பார்ப்பார், கேட்க மாட்டார். பலகையில் அட்டைகளை இப்போது அவளே மாற்றினாள். அவர் துவரம்பருப்பு களைவதுபோல் கவனமாகத் திரும்பி நின்றுகொள்வார்.

கெடு முடியும் நாளன்று இரவு வந்து, குடையை மடக்கிக்கொண்டே, “எடம் கெடச்சிருச்சு” என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். மலையளவு பாரம் இறங்கியது உண்மை. அதே நேரம் உள்ளே கடுகளவு ஏதோ ஒன்று கீழே விழுந்ததும் உண்மை. இந்த முறை அதையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

அவள் அவரோடு சண்டை போடவில்லை. ஒரே ஒரு பழக்கம்தான் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது. அவர் எதைச் சொன்னாலும் எப்போ என்று கேட்டாள். மின்கட்டணம் கட்டியாச்சா? ஆச்சு. எப்போ? மாத்திரை போட்டீங்களா? போட்டேன். எப்போ? குத்தலாகக் கேட்கவில்லை. படிவத்தை இரண்டாவது முறை பார்க்கும் வழக்கம் அவளுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அவரும் மணி பார்த்துப் பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

பருவம் இரண்டும் முடிந்தன. பட்டம் வந்தது. அவள் இரண்டு பெட்டியும் ஒரு தலையணையுமாகக் கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் அவர் ஒரு நகைச்சுவை சொன்னார். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லும்படி கை காட்டினாள். திரும்பச் சொல்லும் அளவுக்கு நல்ல நகைச்சுவையில்லை என்று அவரும் கை காட்டினார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் போன் செய்தாள். அறை சின்னது, ஜன்னல் தெற்குப் பக்கம், பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் இருக்கிறாள் என்று சொன்னாள். பிறகு, “சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“ஆச்சு.”

“எப்போ?”

அவர் அடுப்பைப் பார்த்தார். பற்றவைக்கவே இல்லை. “இன்னும் இல்ல” என்றார்.

“சரி, அரிசி களைங்க. நான் லைன்ல இருக்கேன்.”

போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தார். அரிசிப் பானையைத் திறந்தார். டம்ளரை உள்ளே விட்டவர், அப்படியே நின்றார். இத்தனை வருஷமும் இந்த அடுக்களையில் சமைத்தவர்தான், கை அளவு தெரிந்தவர்தான்.

“ஒரு ஆளுக்கு எவ்வளவு போடணும்?” என்று கேட்டார்.

லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் போனைத் திரும்பிப் பார்த்தார்.

“தெரியலங்க” என்றாள். “நானும் இங்க ரெண்டு பேருக்கு வச்சுட்டு உக்காந்திருக்கேன்.”